சீனிக்குச் சொன்ன சொல்

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வோஷிங் மெஷினின் கதவு திறந்து கிடந்தது.

கதவு என்றால் திறப்பதும் மூடுவதும்தான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கதவைப் பீற்றிஸ் கொடிக்கயிற்றால் மூன்று சுற்றுச் சுற்றி, சுவரோடு ஓடும் தண்ணீர்க் குழாயில் இழுத்துக் கட்டி, நகம் ஒன்று பிளக்கும் அளவுக்கு இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். பதினொரு நாளாக அந்த முடிச்சை அவளே தொடவில்லை. இப்போது கயிறு நிலத்தில் கிடந்தது. அறுந்து கிடக்கவில்லை, எலி கடித்தும் கிடக்கவில்லை. வேலை வெட்டி இல்லாத யாரோ ஆறுதலாகக் குந்தியிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துவிட்டுப் போன மாதிரிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். மூக்கருகே கொண்டுபோனாள். சலவைத் தூளின் எலுமிச்சை வாசமும், அதற்கு அடியில், மாரியில் வாவி ஏறும்போது வருகிற சேற்று நாற்றமும்.

உள்ளே கணக்காளர் சுருண்டு படுத்து நல்ல நித்திரை.

கணக்காளர் என்பது பூனை. முப்பத்தொரு வருசம் ஓர் அரச அலுவலகத்தில் தட்டெழுத்துப் பொறியின் முன்னால் முதுகு வளைந்தவள் பீற்றிஸ். ஓய்வு பெற்றபோது அலுவலகம் அவளுக்கு ஒரு பொன்னாடையும் ஒரு சுவர்க் கடிகாரமும் நாலு நீளமான பேச்சும் கொடுத்தது. அவள் அலுவலகத்துக்குச் செய்த பதில் மரியாதை, தன் பூனைகளுக்குப் பதவிப் பெயர் வைத்ததுதான். சாப்பிட்டு முடிந்தால் கதிரையை விட்டு அசையாத மஞ்சள் கடுவனுக்குப் பணிப்பாளர். மீனை மூன்று தரம் மணந்து, சந்தேகம் தீர்ந்த பிறகே வாய் வைக்கும் சாம்பல் நிறத்து மெலிச்சலுக்குக் கணக்காளர். எலி பிடிப்பது, பாம்பை விரட்டுவது, ஊர்க் கடுவன்களோடு சண்டைக்குப் போவது என்று வீட்டின் முழு வேலையையும் தலையில் சுமந்த காது கிழிந்த கறுப்பனுக்குப் பியோன். நாலாவது, ஐந்து மாத வெள்ளைக் குட்டி. அதற்குப் பதவி கொடுக்கவில்லை; வயது காணாது என்று விட்டிருந்தாள். சும்மா சீனி.

சீனி செத்துப் பதினொரு நாள்.

பீற்றிஸ் கணக்காளரைப் பிடரியில் பிடித்து வெளியே இழுத்தாள். அவன் ஒரு கண்ணைத் திறந்து, ஆட்சேபணை தெரிவித்து, அவளுடைய நெஞ்சில் கால் வைத்துத் தாண்டிப் போனான். போனவன் திரும்பி மெஷினைப் பார்த்தான். வாலை உயர்த்தி, தெரிந்த முகத்தைக் கண்டது போல மெல்ல ஒரு தரம் மியாவினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் தன்னிடமே எத்தனையோ தரம் ஒப்புவித்துவிட்டாள். பூசை முடிந்து வெயிலில் நடந்து வந்த களைப்பு. மூத்த மகன் அன்ரோ கனடாவிலிருந்து காசனுப்பி வாங்கிக் கொடுத்த மெஷின். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. காலையில் ஒரு வெள்ளைத் துவாயை உள்ளே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தபடி விட்டிருந்தாள். பிறகு இரண்டு படுக்கை விரிப்பையும் நாடிவரைக்கும் அணைத்துக்கொண்டு வந்தவளுக்கு, வெள்ளைத் துவாய்க்கு மேலே படுத்திருந்த வெள்ளைக் குட்டி தெரியவில்லை. திணித்தாள். மூடினாள். பொத்தானை அழுத்தினாள். விறாந்தையில் பிளேன்ரீயோடு குந்தியபோது உள்ளே டொக், டொக் என்று எதுவோ அடித்தது. மகனுடைய பழைய ஜீன்ஸின் பொத்தானாக்கும் என்று நினைத்தாள். அந்த ஜீன்ஸை அவள் உள்ளே போடவில்லை என்பதும் நினைவில் இருந்தது. எழும்பிப் பார்க்க அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு அலுப்பாக இருந்தது.

பக்கத்து வீட்டு வினாயகமூர்த்தி அன்று பின்னேரமே முழுக்கைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். அவளுடைய அலுவலகத்தில் பிரதிப் பணிப்பாளராக இருந்தவர். இப்போது ஐந்து சங்கங்களுக்குத் தலைவர், ஆறாவதைத் தேடிக்கொண்டிருப்பவர். வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள், வாவியோரத்து முருங்கைக்குக் கீழே பீற்றிஸ் குழி வெட்ட, அவர் குடை பிடித்தபடி இழப்பின் தத்துவம் பற்றிப் பத்து நிமிசம் பேசினார். குடை அவருக்கு மேலே இருந்தது. மூன்று நாள் கழித்து, பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு தாளோடு மறுபடி வந்தார்.

“மிஸிஸ் பேர்னாட், அனர்த்தம் நடந்த பிறகு அழுது பிரயோசனம் இல்ல. முன்னாயத்தம் வேணும். வீட்டு அபாயங்களில இரிந்து பூனைகளப் பாதுகாக்கிற வழிகாட்டி. பதினாலு அம்சம். நானே தொகுத்தது.”

“நீங்க பூனை வளர்க்கிறல்லயே சேர்.”

“அதாலதான் பக்கச்சார்பு இல்லாம எழுத ஏலுமா இரிந்திச்சு.”

குசினிச் சுவரில் அவரே ஆணி அடித்து மாட்டினார். அம்சம் ஒன்று, சலவை இயந்திரம். தடித்த எழுத்தில். அதைத் தடித்த எழுத்தில் போட்டவருடைய முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இருக்கவில்லை என்பதுதான் தாங்க முடியாதது. இரண்டு, மூடப்படாத கிணறு. மூன்று, எலி மருந்து. நாலு, ஊசியும் நூலும். அப்படியே காய்ச்சல் குளிசை, நுளம்புத்திரி, பூச்சி உருண்டை என்று பதினாலு வரைக்கும்.

பீற்றிஸ் அதை ஒரு சொல் விடாமல் கடைப்பிடித்தாள். பக்தியால் இல்லை. கணவன் பேர்னாட் போய் ஒன்பது வருசம், இரண்டு பொடியன்களும் கடல் தாண்டி ஆறு வருசம். இந்த மூன்றும் போனால், அந்த வீட்டில் அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஓர் உயிர் கிடையாது. ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்குக் கையில் ரோச் லைற்றோடு வீட்டைச் சுற்றி வந்தாள். கிணற்று மூடி, அலுமாரிப் பூட்டு, அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, கட்டிலுக்கு அடி. சுற்றி முடிய முழங்கால் கெஞ்சும். படுத்தால் நித்திரை வராது. வந்தால், டொக், டொக்.

வெள்ளிக்கிழமை கிணறு.

அடை மழை விட்டு, வானம் பழைய அலுமினியச் சட்டி மாதிரி மங்கிக் கிடந்த நேரம். கிணற்றை மூடியிருந்த தகரத்தையும், அதன் மேல் அவள் மூச்சு வாங்க வாங்கத் தூக்கி வைத்த இரண்டு கொங்கிறீட் கல்லையும் இருந்த இடத்தில் காணவில்லை. கல் இரண்டும் நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தகரம் சுவரில் சாத்தியிருந்தது. கிணற்றுக்கட்டின் விளிம்பில், கதிரையை விட்டு எழும்பாத பணிப்பாளர், நாலு காலையும் ஒன்றாக வைத்து, தலையைக் குனிந்து, தண்ணீரையே பார்த்தபடி நின்றார். வால் நுனி மட்டும் மெல்ல ஆடியது. குட்டிகளோடு விளையாடும்போது ஆட்டுகிற ஆட்டம்.

பின்னால் போய் வயிற்றோடு அள்ளி எடுத்தாள். மாரிக் கிணறு, கை எட்டும் தூரத்தில் தண்ணீர். நடுவிலிருந்து ஒரு வளையம் விரிந்து வந்து கல்லில் முட்டியது. அதற்குப் பின்னால் இன்னொரு வளையம். மழை விட்டு அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. மரத்திலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

தவளை, என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அவளுக்கே ஓர் அலுவலகக் குரலாகக் கேட்டது. விசாரித்துப் பார்த்தோம், முறைப்பாட்டில் உண்மை இல்லை.

சனிக்கிழமை எலி மருந்து. அந்தப் பைக்கற்றை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் மாதா சுரூபத்தோடு கோத்துப் போட்டிருந்தாள். திறப்பு கழுத்திலேயே இருந்தது. அலுமாரியும் பூட்டியபடி இருந்தது. குசினி நிலத்தில், சீனியின் சின்னப் பீங்கானில், நீல நிறக் குருணை கைப்பிடியளவு கொட்டிக் கிடக்க, பியோன் அதற்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பியோன் மட்டும் அவளைப் பார்க்காமல், பீங்கானுக்கு எதிர்ப்பக்கம், வெறும் நிலத்தைப் பார்த்தான். ஒருவரோடு ஒரே பீங்கானில் சாப்பிட இருந்தவன் எழும்பும்போது பார்க்கிற பார்வை. அந்த இடத்தில் நிலம் ஈரமாக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு. எலுமிச்சை வாசம்.

ஞாயிறு அவள் பூசைக்குப் போகவில்லை. மூன்றையும் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் குந்தியிருந்தாள். இந்த ஊர் வாவியில் மீன் பாடும் என்று வரவேற்பு வளைவில் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுபத்திரண்டு வருசத்தில் பீற்றிஸ் ஒரு மீன் இருமிக்கூடக் கேட்டதில்லை. வாவி சத்தமில்லாமல்தான் ஏறும். முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, தண்ணீர் கோடி வேலியைத் தாண்டி, முருங்கையின் அடியை நனைத்து, குழி இருந்த இடத்தையும் மூடிவிட்டிருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தவள் எப்போது கண்ணயர்ந்தாள் என்று தெரியாது. அரைக் கோழித் தூக்கம். விழித்தபோது காலில் நூல்.

வெள்ளை நூல். அறைக்குள் தையல் பேணியிலிருந்து புறப்பட்டு, சாப்பாட்டு மேசையின் காலைச் சுற்றி, கதிரைக்கு அடியால் நுழைந்து, அவளுடைய கணுக்காலை உரசி, விறாந்தை மூலைக்குப் போனது. அங்கே பணிப்பாளர் கண்ணை மூடி, நூலை நூடில்ஸ் மாதிரி ஆறுதலாக விழுங்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், நூலின் நடுவே கோத்தபடி, ஊசி பளபளத்தது.

வெட்டினாள். கத்தரிக்கோல் எங்கே கிடந்தது, எப்படி எடுத்தாள், ஒன்றும் நினைவில்லை. நூல் முழுவதும் ஈரம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வினாயகமூர்த்தி தன் முழுச் சேவைக்காலத்திலும் எத்தனையோ சுற்றறிக்கை எழுதினார். பீற்றிஸ்தான் அவ்வளவையும் தட்டச்சு செய்தாள். ஒன்றையாவது ஒரு மனிதப் பிறவி இலக்க ஒழுங்கில் நடைமுறைப்படுத்தியதை அவள் கண்டதில்லை. இப்போது ஒருவர் செய்கிறார். சிரிக்க வேண்டும் போலிருந்தது. சிரிக்கவில்லை. தாளைச் சுவரிலிருந்து பிடுங்கி அடுப்பில் போட்டாள். பிளாஸ்ரிக் எரிந்த நாற்றத்தையும் மீறி எலுமிச்சை மணந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் புஸ்பம் வந்தாள். வினாயகமூர்த்தியின் மனைவி, மண்டூர்க்காரி. கணவனுடைய ஐந்து சங்கத்தையும் ஒரு பெருமூச்சில் சமாளிக்கிறவள். பூனைகளுக்கென்று சூடை மீன் தலைகளை ஒரு சிரட்டையில் கொண்டுவந்திருந்தாள்.

“என்னக்கா, முகம் இப்பிடி வத்திப்போய் இரிக்கு? தின்னுறயா, இல்ல எல்லாத்தயும் பூனைக்கே வெச்சிட்டு இரிக்கிறயா?”

பீற்றிஸ் சொன்னாள். கயிறு, கிணறு, மருந்து, நூல். சொல்லச் சொல்ல, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, அறிக்கை வாசிப்பது போல. புஸ்பம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சிரித்தால் நல்லது என்று நினைத்தாள். புஸ்பம் சிரட்டையை நிலத்தில் வைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்து, துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, ஒண்டு கேக்கன். கோவிக்கப்படாது.”

“கேள் கா,” என்றாள் பீற்றிஸ்.

“அண்டைக்கு மண்ணப் போட்டு மூடக்குள்ள அதுக்கிட்ட என்னமோ சொன்னயே. நான் வேலிக்கு அங்கால நிண்டனான்.”

“நான் என்னத்தச் சொன்ன? ஒண்டும் சொல்லல்லயே.”

“சொன்ன கா. அவர் பேசிப் பேசி முடிச்சிட்டுப் போனாப் பிறகு. மண்ணத் தட்டிப்போட்டு, சொன்ன.”

பீற்றிஸ் யோசித்தாள். யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இந்த வீட்டு வாசலில் நின்று அவள் வாழ்நாள் முழுக்கச் சொன்னது அது ஒன்றுதான். போறன் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை, போ என்று சொல்லி ஒருவரையும் அனுப்புவதும் இல்லை. கடைக்குப் பாண் வாங்கப் போகிறவனுக்கும், கட்டுநாயக்கவில் விமானம் ஏறுகிறவனுக்கும் அதே சொல்தான். நாக்கு பழகிப்போன சொல். அன்றைக்கும் அதுவாக வந்தது.

“போயிட்டு வா எண்டன்,” என்றாள். “சரி சீனி, போயிட்டு வா எண்டன்.”

புஸ்பம் கை துடைப்பதை நிறுத்தினாள். ஓட்டில் மழை மறுபடி தொடங்கியது.

“செத்த வீட்டில ஆரும் அப்பிடிச் சொல்லுவாங்களா கா? போயிட்டு வாறன் எண்டு நாமளே சொல்லமாட்டம். வாயத் திறக்காம எழும்பி வந்திருவம். மண்ணுக்குள்ள போறதப் பாத்து நீ வா எண்டு சொல்லிப்போட்ட.”

“பூனைக்கு இதெல்லாம் விளங்குமா கா?”

“விளங்கினபடியாத்தானே வந்திரிக்கு.”

பேர்னாட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது சொன்னாள், வரவில்லை. அன்ரோவுக்குச் சொன்னாள், இளையவன் அலனுக்குச் சொன்னாள். படமாக வருகிறார்கள், போனில். இத்தனை வருசத்தில் சொன்ன சொல்லைக் கேட்டுத் திரும்பி வந்தது அந்தக் குட்டி ஒன்றுதான். இதை நினைத்தபோது பயத்துக்கு நடுவே அவளுக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“அதுக்குத் தனிய இரிக்க ஏலாது போல,” என்றாள் புஸ்பம் மெதுவாக. “மத்ததுகளயும் கூப்பிடுது. சொன்ன சொல்ல எடுத்திரு கா. போ எண்டு சொல்லு. வா இல்லாம. முகத்துக்கு நேர நிண்டு, வெறும் போ.”

எழும்பினாள். படலைவரை போனவள், வழமையாகச் சொல்கிற அந்தச் சொல்லைச் சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தரைக்குப் பீற்றிஸ் மூன்றையும் பிடித்துத் தன் அறைக்குள் விட்டாள். பணிப்பாளரைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்தது. யன்னல் இரண்டையும் கொழுக்கி போட்டாள். கட்டிலுக்கு அடியில் லைற் அடித்துப் பார்த்தாள். குசினிப் பின்கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். ஆறு மணிக்கு, வெளியே இன்னும் முழுதாக இருளாத நேரத்தில், கரண்ட் போனது.

சார்ஜர் லைற்றின் வெளிச்சம் சுவரில் பால் தண்ணீர் மாதிரி மெலிந்து விழுந்தது. மழை ஓட்டில் கொட்டியது, ஓட்டோரப் பீலியில் ஓடியது, நிறைந்து கிடந்த கோடித் தண்ணீரில் விழுந்து வேறொரு சத்தமாகியது. மூன்று சத்தத்தையும் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டு, தலைமாட்டில் முதுகைச் சாய்த்து, மடியில் கணக்காளரும், கால்மாட்டில் பணிப்பாளரும், அலுமாரி மேலே பியோனுமாக, எண்ணி எண்ணி, ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் இருந்தாள். கண் சொருகியது. சொருக விடவில்லை.

நாலாவதாக ஒரு சத்தம் கேட்டது.

பீங்கான் நிலத்தில் உரசும் சத்தம்.

சீனிக்குப் பசி வந்தால் கத்தாது. வெறும் பீங்கானை மூக்கால் தள்ளிக்கொண்டு அவள் இருக்கும் இடத்துக்கு வரும். குசினியிலிருந்து சாப்பாட்டு அறை. சாப்பாட்டு அறையிலிருந்து இங்கே. கொஞ்சம் தள்ளும். நிற்கும். தள்ளும்.

சர்ர்க்.

நின்றது.

சர்ர்க்.

மடியில் கணக்காளர் தலையை நிமிர்த்தினான். பணிப்பாளர் எழும்பினார். பியோன் அலுமாரியிலிருந்து கட்டிலுக்குக் குதித்தான். ஒன்றின் மயிரும் சிலிர்க்கவில்லை. ஒன்றும் சீறவில்லை. மூன்றும் கதவைப் பார்த்தன. மூன்றும் உறுமத் தொடங்கின. சாப்பாட்டு நேரத்து உறுமல், தொண்டைக்குள், சந்தோசமாக.

சர்ர்க். மேசைக்குப் பக்கத்தில்.

சர்ர்க். கதவில் முட்டியது.

கதவின் அடியால் தண்ணீர் வந்தது. மெல்லியதாக. விரல் போல. எலுமிச்சை.

பிறகு சுரண்டல். கீழே. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

முகத்துக்கு நேர நிண்டு, வெறும் போ. எழும்பினாள். எழும்ப அலுப்பாகத்தான் இருந்தது; இந்த முறை எழும்பினாள். பின்கையால் பூனைகளைத் தடுத்தபடி, மறுகையால் தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்தாள்.

வாசலில் பீங்கான். நிறையத் தண்ணீர். வேறு ஒன்றுமில்லை. லைற்றை உயர்த்தினாள். சாப்பாட்டு அறை. ஈர நிலம். அங்கால குசினி. குசினிப் பின்கதவு விரியத் திறந்திருந்தது. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், இரண்டும் இழுத்தபடி.

பின்படியில், மழைக்குள், சின்னதாக, வெள்ளையாக, ஒன்று குந்தியிருந்தது.

தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்தளவுக்குத் தலை சரியக்கூடாது.

“சீனி,” என்றாள்.

அது அசையவில்லை.

எத்தனை வருசம். எத்தனை பேர். இந்தச் சொல்லை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. நாக்கு மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. பழகிய மிச்சச் சொல், அந்த வா, தானாக உருண்டு வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. கடித்து நிறுத்தினாள்.

“போ.”

மழை.

“போதும். போ.”

போ என்ற சொல்லுக்கு விலாசம் கிடையாது; கேட்கிற எல்லாருக்கும் அதுதான். முப்பத்தொரு வருசம் கடித உறைகளில் பெயரும் விலாசமும் அடித்தவளுக்கு அது அந்த நேரம் நினைவு வரவில்லை.

பின்னால் கட்டிலிலிருந்து ஒன்று குதித்தது. மெத்தென்று. இரண்டாவது. மூன்றாவது.

பணிப்பாளர் அவளுடைய இடது காலை உரசிக்கொண்டு போனார். வாலை உயர்த்தி. கணக்காளர் பின்னால். “டேய்,” என்றாள். குனிந்தாள். பியோனின் முதுகு கைக்குள் வந்தது. மயிர், எலும்பு, வால். வால் நுனி. கை வெறுமை. மூன்றும் ஒரு வரிசையில் சாப்பாட்டு அறையைக் கடந்தன, குசினியைக் கடந்தன, படியில் இருந்ததைக் கடந்தன. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழையை வெறுக்கிற பூனைகள். மழைக்குள் இறங்கின.

அவள் ஓடினாள். பீங்கானில் கால் தடக்கியது. மேசையைப் பிடித்தாள். குசினி வாசலுக்கு வந்து லைற்றை நீட்டினாள்.

கோடி முழுக்க வாவி. அதற்குள் மூன்று வால். மஞ்சள், சாம்பல், கறுப்பு. நட்டு வைத்த தடி மாதிரி நேராக. மெல்லத் தூரப் போய்க்கொண்டு. மெல்லக் குட்டையாகிக்கொண்டு.

மஞ்சள் இல்லை.

சாம்பல் இல்லை.

“வா!” என்று கத்தினாள். “வா! ஐயோ, வா! வா!”

கறுப்பு இல்லை.

தண்ணீர் மூடியது. மழைத்துளி விழுந்து விழுந்து எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகியது.

படியில் குந்தியிருந்தது எழும்பியது.

கூப்பிட்டால் வருகிற பிள்ளை. ஒரு காலை வாசற்படியில் வைத்தது. மற்றக் காலை இழுத்து வைத்தது. உள்ளே வந்தது. அவளுடைய கணுக்காலில், குளிர்ந்த, நனைந்த, எலும்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாத ஒரு பாரம் சாய்ந்து, ஒரு தரம் உரசி, அங்கேயே குந்தியது. பீற்றிஸுக்கு ஓட வேண்டும். ஓட அலுப்பாக இருந்தது.

அது முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. சாப்பாடு கேட்கிற மாதிரி வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை. வெள்ளை நுரை வந்தது. மெல்ல, நிற்காமல், அவளுடைய பாதத்தின் மேல்.